பால்வீதியும் விரைவு வில்லையும்

நிலவில்லாத இரவொன்றில், ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத வயல்வெளியிலோ கடற்கரையிலோ நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வெண்புகை படர்ந்தாற் போன்ற ஒரு பட்டை தென்படும். ஆகாய கங்கை என்றும் பால்வீதி என்றும் அதனை வழங்குவர். சற்று நேரம் கூர்ந்து நோக்கினால் அப்பட்டை எங்கணும் ஒரே சீராக இல்லை என்பதும் புலப்படும். சில இடங்களில் தடித்தும், சில இடங்களில் மெலிந்தும், ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்தும், ஆங்காங்கே மை சிந்தியது போலக் கறுத்தும் அது கிடக்கும். அந்தக் கறுப்பு யாது? அங்கே விண்மீன்கள் இல்லையா? அன்றி, இருக்கின்ற விண்மீன்களை ஏதேனுமொன்று மறைத்து நிற்கின்றதா?

இந்தக் கேள்விக்கு ஐயமற விடை காண்பதற்கு வானியலாருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. விடைக்கு வழிகாட்டிய கருவியோ மலையுச்சியில் அமைந்த பெருந்தொலைகாட்டி அன்று. சீமான்களையும் சீமாட்டிகளையும் நாற்காலியில் இருத்தி முகப்படம் பிடிப்பதற்கென்று செய்யப்பட்ட ஒரு பழைய கமராவின் வில்லையே அது.

இக்காலத்தில் வானத்தைப் படம் பிடிப்பதில் நாட்டங்கொண்ட இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்கள் பேச்சில் விரைவு வில்லை என்ற சொற்றொடர் அடிக்கடி அடிபடுவதை நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். வில்லை ஓடுவதுமில்லை, பறப்பதுமில்லை. அதற்கு விரைவு எங்ஙனம் வந்தது என்பதை முதலில் அறிந்துகொண்டால், முகப்பட வில்லை வானத்துக்குப் போன கதை எளிதில் விளங்கும்.

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலே பகிரங்கப்படுத்தப்பட்டபோது, அதற்கு வாய்த்த வில்லைகள் மிகக் குறுகிய துவாரம் உடையன. கட்டடங்களையும் மரங்களையும் பிடிக்க அவை போதும், கட்டடம் அசைவதில்லை. மனிதர் அப்படியல்லர். வெயிலில் பல நிமிடம் இமையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தமையால், தலை ஆடாதவாறு பின்னால் இரும்புக் கவை ஒன்று வைத்துத் தாங்கினர். அக்காலத்துப் படங்களிற் காணப்படும் முகங்கள் ஏன் அத்துணைக் கடுகடுப்பாக இருக்கின்றன என்பதற்கு இதுவே போதிய காரணம். அடுத்த ஆண்டிலேயே, வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியரான யோசப் பெற்சுவால் என்பவர் இக்குறையைத் தீர்த்தார். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் பழைய வழியை விட்டு, ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எவ்வாறு வளையும் என்பதைக் கணக்கிட்டு வில்லையை வகுத்தவர் அவர். கணக்கோ மலைபோலக் குவிந்தது. பீரங்கிப் படையிலே கணக்கில் வல்ல சிப்பாய்கள் சிலர் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டனர். அவ்வில்லை வந்தபின், நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து போகலாயினர்.

வில்லையின் விரைவு இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று, ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம். மற்றது, வில்லையிலிருந்து பிம்பம் விழும் இடம்வரையுள்ள குவியத்தூரம். முற்றத்தில் நெல் உலரவிடுவதை நினைத்துக்கொண்டால் இது தெளிவாகும். எத்தனை மூட்டை நெல் வந்து சேர்கின்றது என்பதைத் துவாரம் தீர்மானிக்கும். அந்த நெல்லை எவ்வளவு பெரிய பாயிற் பரப்புவது என்பதைக் குவியத்தூரம் தீர்மானிக்கும். குவியத்தூரம் இரட்டித்தால் பிம்பம் நீளத்திலும் அகலத்திலும் இரட்டிக்கும். அதாவது பாய் நான்கு மடங்கு பெரிதாகும். மூட்டை அதே மூட்டைதான். ஆகவே பாயின்மேற் கிடக்கும் நெல்லின் தடிப்பு காற்பங்காகக் குறையும். அந்தத் தடிப்பே தகட்டில் விழும் ஒளியின் செறிவு. இதனால், குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு வில்லையின் விரைவைக் கூறுவர். எண் சிறுக்கச் சிறுக்க விரைவு பெருகும். எண் 4 உடைய வில்லை நான்கு நிமிடத்திற் பதிக்கும் படத்தை எண் 2 உடைய வில்லை ஒரே நிமிடத்திற் பதித்துவிடும். பெற்சுவாலின் வில்லைக்கு எண் 3.6, அதற்கு முந்திய வில்லைகளுக்கு எண் 16 அளவில் இருந்தது.

தனி விண்மீன் மாத்திரம் இந்த விதிக்குச் சற்று விலக்கானது. அது எத்தகைய தொலைகாட்டியிலும் ஒரு புள்ளியே. பாய் எவ்வளவு பெரிதாயினும் அதன் நெல் முழுவதும் ஒரு மூலையில் ஒரே குவியலாகவே விழும். ஆகவே மங்கிய விண்மீனைக் காண விரும்புவோர் பெரிய துவாரத்தைத் தேடுவர். பால்வீதியின் படர்ந்த ஒளியோ புள்ளியன்று, பரப்பு. அதற்கு வேண்டியது பெரிய தொலைகாட்டியன்று, விரைவான வில்லை. இந்த வேற்றுமை இன்று எளிதாகத் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, பெரிய கருவி எல்லாவற்றையும் சிறப்பாகக் காட்டும் என்றே பெரும்பாலோர் எண்ணினர்.

விரைவு வில்லை கைக்கு வந்த பின்னரும் வானம் உடனே படத்தில் விழுந்துவிடவில்லை. 1850ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வாட் வானாய்வு நிலையத்தார் வேகா என்னும் ஒளிமிக்க விண்மீனைப் படத்திற் பதித்தனர். ஆயின், பின்னர் வழக்குக்கு வந்த ஈரத் தகடு காயுமுன் வேலை முடிய வேண்டியிருந்தமையால், பத்து நிமிடத்துக்கு மேல் ஒளி படவிடுதல் அரிதாயிற்று. மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கவல்ல உலர் தகடு 1870களில் வந்த பின்னரே இருண்ட வானம் புகைப்படக்காரருக்கு வசமாயிற்று. மனிதக் கண் ஒரு கணத்தில் தான் கண்டதை அடுத்த கணத்தில் கைவிட்டுவிடும். தகடோ முதல் மணித்தியாலத்தில் வாங்கியதன்மேல் இரண்டாம் மணித்தியாலத்தில் வாங்கியதையும் சேர்த்து அடுக்கும்.

1882ஆம் ஆண்டிலே பட்டப்பகலிலும் தெரியுமளவு ஒளிமிக்க வால்வெள்ளி ஒன்று தோன்றிற்று. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்த வானாய்வு நிலையத்தின் தலைவரான டேவிட் கில் அதனைப் படம் பிடிக்க விரும்பினார். நிலையத்தில் அதற்கேற்ற கமரா இல்லை. அயலூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தம் கமராவுடன் உதவிக்கு வந்தார். இரண்டரை அங்குல விட்டமும் பதினோர் அங்குலக் குவியத்தூரமும் உடைய அவ்வில்லையைத் தொலைகாட்டியொன்றின் மேலே கட்டி, தொலைகாட்டியால் வால்வெள்ளியைப் பின்தொடர்ந்தவாறு படங்கள் எடுத்தனர். நீண்ட படம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒளி வாங்கியது. படங்களைக் கழுவிப் பார்த்த கில், வால்வெள்ளியைக் காட்டிலும் அதன் பின்னே மணல் தூவினாற்போலப் பதிந்திருந்த விண்மீன்களின் தொகையைக் கண்டே வியந்தார். விண்மீன் அட்டவணையைக் கண்ணால் நோக்கி எழுதுவதிலும் தகட்டிற் பதித்து அளப்பதே மேல் என அவர் துணிந்தார். அத்துணிவின் பயனாகத் தென்வானத் தகடுகள் எடுக்கப்பட்டன; ஒல்லாந்து நாட்டவரான யாக்கோபுசு கப்டெய்ன் அவற்றை ஆண்டுக்கணக்காக அளந்து 454,875 விண்மீன்களுக்கு அட்டவணை வகுத்தார். இந்தக் கப்டெய்ன் இக்கதையில் மீண்டும் வருவார்.

முகப்பட வில்லையின் முழு ஆற்றலையும் வெளிக்கொணர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம்கூடச் சரியாகப் படித்திராத ஒருவர். எட்வேட் எமேர்சன் பார்னாட் 1857ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெனசி மாநிலத்து நாஷ்வில் நகரிலே பிறந்தார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். உள்நாட்டுப் போர் அந்நகரை உலுக்கிய காலம் அது. வீட்டிலே கொடிய வறுமை. ஒன்பது வயது நிரம்புமுன் அவர் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்கு விடப்பட்டார். மின்விளக்கு இல்லாத அந்நாளில், படங்களைப் பெரிதாக்குவதற்குச் சூரிய ஒளியே வேண்டும். அதற்கென மேல்மாடியில் பாரிய கமரா ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. வியாழக் கோளின் பெயரையே அதற்கு இட்டிருந்தனர். சூரியன் நகர நகரச் சக்கரங்களைக் கையாற் சுழற்றி, அக்கமரா எப்போதும் சூரியனையே நோக்கி நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் சிறுவனின் வேலை. முன்பு அவ்வேலைக்கு வந்த பையன்கள் வெயிலிலே தூங்கிவிட்டார்களாம். பார்னாட் தூங்கவில்லை. அந்நிலையத்தில் அவர் பதினேழு ஆண்டுகள் வேலை செய்தார். வானிலே நகரும் ஒளியைக் கை தளராது பின்தொடரும் பயிற்சி, யாரும் நினையாதவாறு, அங்கே அவருக்குக் கிட்டியது.

வானநூல் அவரிடம் வந்து சேர்ந்த வகையும் விந்தையானது. ஒருவர் அவரிடம் இரண்டு டொலர் கடன் வாங்கி, ஈடாகப் புத்தகம் ஒன்றை விட்டுச் சென்றார். பணம் திரும்பி வராது என்ற கோபத்தில் அதனை மூடியே வைத்திருந்தவர், ஒருநாள் விரித்துப் பார்த்தபோது உள்ளே விண்மீன் படங்கள் இருந்தன. தாம் சிறுவயது முதல் மேலே கண்டு பழகிய ஒளிப் புள்ளிகளுக்குப் பெயர்கள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தார் என்பர். பின்னர் தம் வருமானத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து ஐந்து அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். புதிய வால்வெள்ளியைக் கண்டுபிடிப்பார்க்கு அக்காலத்தில் இருநூறு டொலர் பரிசு இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்து, அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டு அவர் வீடு கட்டிக் கடன் தீர்த்தார்.

1888ஆம் ஆண்டிலே கலிபோர்னியா மாநிலத்து ஹமில்ற்றன் மலைமேல் லிக் வானாய்வு நிலையம் திறக்கப்பட்டபோது பார்னாட் அங்கே பணியில் அமர்ந்தார். அங்கிருந்த 36 அங்குலத் தொலைகாட்டி அந்நாளில் உலகிலே தன்னினத்தில் மிகப் பெரியது. அதன் குவியத்தூரம் 57 அடி. ஆகவே அதன் விரைவு எண் 19. பார்னாட் கையிலெடுத்ததோ, முகப்படம் பிடிக்கப் பயன்பட்டுப் பின் விலைக்கு வந்த வில்லாட் வில்லை. விட்டம் ஏறத்தாழ 6 அங்குலம், குவியத்தூரம் 31 அங்குலம், விரைவு எண் ஐந்துக்குச் சற்று மேல். இரண்டு எண்களையும் வர்க்கித்து ஒப்பிட்டால், பால்வீதியின் ஒளியைச் செறித்துத் தருவதில் அப்பழைய முகப்பட வில்லை அந்தப் பெருந்தொலைகாட்டியைக் காட்டிலும் பதின்மூன்று மடங்கு விரைவுடையது என்பது தெரியவரும்.

1889ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அவ்வில்லையைப் பால்வீதியின்மேல் திருப்பினார். ஒரு படத்துக்கு மூன்று மணித்தியாலம், சில வேளை அதனினும் கூடுதலாகத் தேவைப்பட்டது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகரும். கருவியைத் திருப்பக் கடிகாரப் பொறி இருந்ததாயினும் அது முற்றிலும் நம்பத்தக்கதன்று. எனவே, கமராவோடு பிணைத்த தொலைகாட்டியிற் கண்ணை வைத்து, ஒரு விண்மீன் குறுக்கிழைகள் வெட்டும் இடத்தை விட்டு மயிரிழையும் விலகாதபடி கையாலே திருத்திக்கொண்டு இருத்தல் வேண்டும். திறந்த கூரையின் கீழே மலைக்குளிர். கண்ணை எடுக்கவும் முடியாது, எழுந்து நடமாடவும் முடியாது. நாஷ்வில் மேல்மாடியிற் பகலிலே செய்த அதே வேலையை அவர் இப்போது இரவிலே செய்தார்.

கழுவிய தகட்டில் வந்தது, அதுவரை மனிதர் கண்டறியாத வானம். வெறும் வெண்புகையாகத் தெரிந்த பால்வீதி, மழைக்கால முகில் போலத் திரண்டு திரண்டு நின்றது. அம்முகில்களின் ஒவ்வொரு துணுக்கும் எண்ணற்ற விண்மீன்கள். அவற்றின் நடுவே, வெட்டினாற் போன்ற விளிம்போடு கருங்கால்வாய்களும் கரும்பொட்டுக்களும் தோன்றின. 1892ஆம் ஆண்டில் அவர் எடுத்த ஒரு படத்தில் புதிய வால்வெள்ளி ஒன்றும் அகப்பட்டது. புகைப்படத்தால் முதன்முதற் கண்டுபிடிக்கப்பட்ட வால்வெள்ளி அதுவே. எனினும் பார்னாட்டின் மனத்தை விட்டு நீங்காதவை அந்தக் கரும்பொட்டுக்களே.

நூறாண்டுக்கு முன்னரே, பெரும் வானியலாரான வில்லியம் ஹேர்ச்செல் விருச்சிகத்தின் பக்கத்தில் விண்மீன் இல்லாத ஓரிடத்தைக் கண்டு, வானத்திலே ஓட்டை இருக்கின்றது என வியந்து கூறினார். ஓட்டை என்ற எண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது. பார்னாட்டும் தொடக்கத்தில் அவ்வாறே கருதினார். விண்மீன்களின் கூட்டத்தில் இடைவெளி. அதனூடே அப்பாலுள்ள வெறுவெளி தெரிகின்றது என்பது கருத்து. ஆனால் படங்கள் அதற்கு இசையவில்லை. எத்தனையோ ஆயிரம் விண்மீன்கள் வெவ்வேறு தொலைவில் நிற்க, அவை யாவற்றையும் ஊடுருவி நீண்டதொரு குழாய்போல ஓட்டை அமைய வேண்டும். அக்குழாயும் நேரே பூமியை நோக்கியே இருக்க வேண்டும். ஒன்று இரண்டாயின் தற்செயல் எனலாம். தகட்டுக்குத் தகடு பல இடங்களில் அப்படி அமைதல் எங்ஙனம் கூடும்? கேட்டை விண்மீனுக்கு அணித்தான பகுதியில் ஒளிரும் வான்முகில் ஒன்று மெல்ல மெல்ல மங்கி, கருங்கால்வாயாகவே மாறிப் போவதும் படத்திலே தெரிந்தது.

அப்படியிருந்தும் அவர் உடனே தீர்ப்புக் கூறவில்லை. 1895ஆம் ஆண்டில் அவர் சிக்காகோவைச் சார்ந்த யேர்க்ஸ் வானாய்வு நிலையத்துக்கு மாறினார். கதரின் புரூஸ் என்னும் சீமாட்டியின் நன்கொடையால் 10 அங்குல விட்டமுள்ள வில்லை ஒன்று அவருக்கெனவே செய்யப்பட்டது. அதன் விரைவு எண்ணும் 5. யேர்க்ஸ் வடக்கே நெடுந்தூரத்தில் இருப்பதால் பால்வீதியின் தெற்குப் பகுதி அடிவானத்தோடு ஒட்டியே தெரியும். ஆகவே 1905ஆம் ஆண்டில் அக்கருவியைக் கழற்றிக் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலைக்குக் கொண்டுசென்று, பல மாதம் அங்கே தங்கி நூற்றுக்கணக்கான தகடுகளை எடுத்தார். லிக் நிலையத்தில் அவர் எடுத்த படங்களோ அச்சேறி நூலாக வெளிவர 1913ஆம் ஆண்டாயிற்று.

அதே 1913ஆம் ஆண்டுக் கோடையிலே, நிலவில்லாத தெளிந்த இரவொன்றில், பார்னாட் தனுராசிப் பகுதியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது நமது பூமிக்குரிய சிறு முகில்கள் சில பால்வீதியின் குறுக்கே மிதந்து சென்றன. சுற்றிலும் விளக்கில்லாத இடமாகையால் அம்முகில்கள் வெண்மையாகத் தோன்றவில்லை. ஒளிரும் பால்வீதியின்மேல் மைத்துளிகள் போலக் கன்னங்கரேலெனத் தோன்றின. அவற்றின் வடிவும் அளவும், தம் தகடுகளில் ஆண்டுக்கணக்காகத் தாம் கண்டுவந்த கரும்பொட்டுக்களை அச்சொட்டாக ஒத்திருக்கக் கண்டு அவர் திகைத்தார். முகில்கள் நகர்ந்து போயின, பொட்டுக்கள் நின்றன. அவையும் முகில்களே, ஆனால் விண்மீன்களுக்கிடையே நிற்கும் முகில்கள் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1916ஆம் ஆண்டில் அந்த இரவைப் பற்றித் தம் கட்டுரையில் எழுதினார்; 1919ஆம் ஆண்டில் 182 கரும்பொட்டுக்களின் அட்டவணையை வெளியிட்டார். கண் ஒரு நொடியிற் சொல்லத் துணிந்ததை, கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தகடுகளை வைத்துக்கொண்டும் சொல்லத் தயங்கிய அந்த நிதானத்தை எண்ணும்போது, பார்னாட்மீது மதிப்பு மேலும் உயர்கின்றது.

இது ஏதோ பொட்டுக்களைப் பற்றிய சிறு வழக்கு என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. பால்வீதி எவ்வளவு பெரியது, அதில் நமது சூரியன் எங்கே இருக்கின்றது என்பதே இதனால் முடிவு செய்யப்பட வேண்டியிருந்தது. முன்னர்க் கூறிய கப்டெய்ன், விண்மீன்களை எண்ணி எண்ணிப் பால்வீதியின் உருவத்தை வகுத்து 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் வகுத்த படத்திற் சூரியன் ஏறத்தாழ நடுவிலே இருந்தது. உண்மையிலோ மையம் தனுராசித் திசையில் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. கப்டெய்னின் எண்ணிக்கையிற் பிழையில்லை. இடையிலுள்ள தூசி தொலைவு விண்மீன்களை மறைத்துவிட்டதை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. மூடுபனியில் நிற்பவனுக்கு எத்திசையும் சம தூரமே தெரிய, தான் வெளியின் நடுவிலேயே நிற்பதாகத் தோன்றுமல்லவா? அத்தகைய மயக்கம் அது. 1930ஆம் ஆண்டில் லிக் நிலையத்து றொபேட் றம்ப்லர், விண்மீன் கொத்துகளின் பருமனையும் ஒளியையும் ஒப்பிட்டு, விண்வெளியெங்கும் ஒளியைத் தடுக்கும் தூசி உண்டு என ஐயமற நிறுவினார்.

பார்னாட் அதனைக் காண இருக்கவில்லை. 1923ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய பால்வீதிப் படத்தொகுதி 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சு எந்திரத்தில் மையால் அடித்தால் நுண்மை கெடும் என்று கருதி, ஒவ்வொரு பிரதிக்கும் உண்மைப் புகைப்படங்களையே ஒட்டுவித்தார்கள். அவ்வாறு அணியமான 35,000க்கு மேற்பட்ட படங்களையும் பார்னாட் தம் வாழ்நாளிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தார். எஞ்சிய வேலையை அவர் மனைவியின் உறவினரான மேரி கல்வேட் என்னும் பெண்மணி, நிலையத் தலைவருடன் சேர்ந்து முடித்துவைத்தார்.

அக்கரும் முகில்களுக்குள் என்ன நடக்கின்றது என்பது பின்னரே தெரியலாயிற்று. சிறிய உருண்டை முகில்களில் விண்மீன்கள் கருக்கொள்ளலாம் என 1947ஆம் ஆண்டில் பார்ட் பொக் என்பவர் கூறினார். அகச்சிவப்புக் கதிரால் அவற்றினுள்ளே நோக்கி, 1990ஆம் ஆண்டில் அது மெய்யென்று கண்டனர். வெறும் ஓட்டை என நினைத்த இடம் விண்மீன்களின் பிறப்பிடமாயிற்று.

இனி, இன்றைய கமராவுக்கு வருவோம். பார்னாட்டின் தகடு, தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்திற்றில்லை. இன்றைய டிஜிற்றல் கமராவின் ஒளியுணரி பாதியளவைப் பயன்படுத்திக்கொள்ளும். வில்லைகளோ விரைவு எண் 2, ஏன் 1.4 வரையும் வந்துவிட்டன. ஆகவே அவர் மூன்று மணித்தியாலம் குளிரிற் குந்தியிருந்து பெற்றதன் சாயலை, முக்காலியில் நிறுத்திய கமரா இருபது விநாடியிற் பெற்றுவிடுகின்றது. நுண்மையில் ஈடாகாது, ஆயினும் கருங்கால்வாய்கள் தெளிவாகத் தெரியும்.

இருபது விநாடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கமராவைத் திருப்பும் பொறி இல்லாதபோது, ஒளிபடும் நேரம் நீண்டால் விண்மீன் புள்ளியாக விழாது கோடாக இழுபடும். 500 என்ற எண்ணை, மில்லிமீற்றரிற் சொல்லப்பட்ட குவியத்தூரத்தால் வகுத்தால் அத்தனை விநாடிவரை பொறுக்கலாம் என்பது பழகியோர் கைக்கணக்கு. 24 மில்லிமீற்றர் வில்லைக்கு இருபது விநாடி, 50 மில்லிமீற்றர் வில்லைக்குப் பத்து விநாடி. ஒளியுணரி சிறிதாயின் நேரத்தையும் குறைக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் இக்கணக்கிற் பாதியையே கொள்வர்; அதுவே நல்லது. பார்னாட்டின் 31 அங்குல வில்லைக்கு இக்கணக்கைப் போட்டால் ஒரு விநாடிகூட வராது. அவர் ஏன் குறுக்கிழையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை என்பது இப்போது விளங்கும். மேலும், இலங்கை பூமத்திய ரேகைக்கு அணித்தாக இருப்பதால், தலைக்கு மேலே செல்லும் விண்மீன்களே மிக விரைந்து நகர்பவை. வடக்கே அடிவானத்தை ஒட்டி நிற்கும் துருவ விண்மீனின் பக்கம் இழுபடுதல் மிகக் குறைவு.

விரைவு வில்லைக்குக் குறைகளும் உண்டு. முகப்படத்தில் நடுவே தெளிவும் ஓரத்தே மங்கலும் இருப்பதை எவரும் குறையாகக் கொள்ளார். அதனை அழகென்றே கொள்வர். வானப்படத்திலோ மூலையிலுள்ள விண்மீன்கள் சிறகு விரித்த பறவைபோலச் சிதைந்து விழும். துவாரத்தை முழுவதும் திறவாமல், எண் 1.4 உள்ளதை 2 அல்லது 2.8 வரை சுருக்கினால் அச்சிதைவு பெரிதும் அடங்கும். குவியம் பிடிப்பது மற்றொரு தொல்லை. வில்லையின் வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பிவிட்டால் போதும் என்று நம்பித் திரும்பிய பலர், மறுநாட் காலையில் விண்மீன்களுக்குப் பதிலாகப் பஞ்சுருண்டைகளைக் கண்டிருக்கின்றனர். ஒளிமிக்க விண்மீன் ஒன்றைக் கமராவின் திரையிற் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்புதலே முறை. கடற்கரையிலும் குளக்கட்டிலும் வில்லையில் ஈரம் படியும். இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருபது விநாடிப் படம் ஒன்றே போதாதெனின், ஒரே இடத்தைப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திச் சராசரி காணலாம். பதினாறு படங்களைச் சேர்த்தால், படத்திலே புழுதிபோற் படியும் பொய்ப்புள்ளிகள் காற்பங்காகக் குறையும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியை அடுக்கிய பழைய தகட்டின் வேலைதான் இதுவும். ஆனால் அதே கணினியால் இல்லாத நிறத்தைத் தீட்டவும், இருக்கும் பொட்டை அழிக்கவும் கூடும். இக்காலத்துப் பால்வீதிப் படங்கள் பலவற்றின் ஊதாவும் பச்சையும் எடுத்தவர் ஆசையிற் பிறந்தனவே தவிர வானத்திற் பிறந்தனவல்ல.

விரைவு வில்லை ஊர் விளக்கையும் விரைவாகவே வாங்கும். கொழும்பு போன்ற நகரிலே இருபது விநாடியில் வானம் முழுவதும் மஞ்சட் படலமாகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த கமராவும் அதனைத் தீர்க்கமாட்டாது. இருளைத் தேடித்தான் போக வேண்டும். பார்னாட் நாடு கடந்து கருவியைச் சுமந்து சென்று தேடிய தனுராசிப் பகுதி, யேர்க்ஸ் நிலையத்தில் அடிவானத்துக்கு மேலே இருபது பாகைகூட எழுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அது ஐம்பது பாகைக்கு மேலே ஏறி நிற்கும். ஆனி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொழும்புப் பக்கத்தை முகிலால் மூடினாலும், மன்னார், வன்னி, கீழைக் கரை ஆகிய உலர்ந்த பகுதிகளில் தெளிந்த இரவுகள் பல கிடைக்கும். கேட்டைக்கும் மூலத்துக்கும் கிழக்கே பால்வீதி மிகத் தடித்துத் தோன்றும் இடமே பார்னாட்டின் கரும்பொட்டுக்கள் மலிந்த இடம்.

கமரா இல்லாதாரும் இத்தகைய முகிலொன்றை வெறுங்கண்ணாற் காணலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவிலே, திரிசங்கு எனப் பழையோர் வழங்கிய தென்சிலுவை விண்மீன்கள் தெற்கே தாழ நிற்கும். அதன் இடப்பக்கத்தில், பால்வீதியின் மேலே கரியை அப்பினாற்போல ஓர் இருட்டுத் திட்டு உண்டு. மேனாட்டு மாலுமிகள் அதற்குக் கரிமூட்டை என்று பெயரிட்டனர். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் சிலர் அதனை எமூ என்னும் பெரும்பறவையின் தலையாகவும், பால்வீதி நெடுகச் செல்லும் கருங்கால்வாயை அதன் கழுத்தும் உடலுமாகவும் கண்டனர். விண்மீன்களை இணைத்து உருவங்காணும் வழக்கத்தில் ஊறியவர்களுக்கு இருட்டை இணைத்து உருவங்கண்ட அவர்கள் பார்வை புதுமையாகத் தோன்றும். அந்தத் திட்டு ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவில் நிற்கும் தூசி முகில். தெற்குத் திசை கடலாக உள்ள இடத்தில், அம்பாந்தோட்டைக் கரைபோன்ற ஒரிடத்தில், விளக்கை அணைத்துக் கண் இருளுக்குப் பழகக் கால் மணித்தியாலம் பொறுத்திருந்தால் அது தெரியும்.